ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு மூட்டைச் சத்தம்

தறிப்பாளையத்தில் சத்தம் பஞ்சாக உதிர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. அன்று யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு விசைத்தறிகள் ஓடுகிற அந்தக் காவிரிக்கரை ஊரில் பஞ்சு உதிராத நாளும் கிடையாது, உதிராத இடமும் கிடையாது. குழம்பில் கிடக்கும், திருநீற்றுத் தட்டில் கிடக்கும், பெண் பார்க்க வந்தவர்களின் மீசையில் கிடக்கும். ஆகவே அர்த்தனாரியின் பட்டறையில் எட்டுத் தறிகளுக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று ஒரு புதுப் பஞ்சு சேர்ந்தபோது, அங்கே தறி ஓட்டுகிற பாவாயி வழக்கம்போல விளக்குமாற்றை எடுத்து அதை மூலைக்குத் தள்ளினாள். விளக்குமாறு பட்டதும் பஞ்சு ‘டடக்கு’ என்றது. பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன, ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது, துணி இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் மட்டும் தறியில் இல்லை. அது தரையில் கிடந்தது.

பக்கத்து நூல் அறையில் துளசிமணி எழுந்து நின்றாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது, ஊருக்கு வெளியே இருக்கிற இன்ஜினியரிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள், தறி ஓட்டிய அப்பனுக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிய அம்மாவுக்கும் பிறந்து, எழுத்துப் படிப்பதற்கு முன்னால் உதடு படிக்கக் கற்றுக்கொண்டவள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். தறிச் சத்தத்தில் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு வருடமாக அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியும் அதற்காகத்தான்: பேச்சோடு கலந்து வருகிற இரைச்சலைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் காதுக்குக் கொடுப்பது, அதுவும் பேசுகிறவர் உதட்டை மூடுவதற்குள் கொடுப்பது. ஒரு கம்ப்யூட்டரால் அந்த வேகம் முடியாது. அதனால் கல்லூரியில் கழித்துப்போட்ட இருபத்து நான்கு கம்ப்யூட்டர்களை மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டுவந்து, அர்த்தனாரி ஒழித்துக் கொடுத்த நூல் அறையில் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று கேபிளால் பிணைத்திருந்தாள். வருகிற ஒலியை நேந்திரங்காய் வறுவலுக்கு அரிவதுபோல மெல்லிய வில்லைகளாக அரிந்து, ஒரு வில்லையின் பாதி அடுத்த வில்லையின்மேல் படிகிற மாதிரி அடுக்கி, ஆளுக்கொன்றாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுவாள். ஒவ்வொன்றும் தன் வில்லையில் எது இரைச்சல், எது பேச்சு என்று பார்த்து, இரைச்சலைக் கழித்துத் திருப்பிக் கொடுக்க, அவள் எழுதிய நிரல் வில்லைகளை மறுபடியும் பாதிக்குப் பாதி ஒட்டி முழுப் பேச்சாக்கும். இரைச்சல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அந்தப் பட்டறையின் சத்தத்தையே நாற்பது நாள் மைக் வைத்துப் பதிந்து நிரலுக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

கழிபட்ட இரைச்சல் எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அது அவள் காலடியில் கிடந்தது. ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே வைத்தாள், தறி ஓடியது. உடனே கோயம்புத்தூரில் இருக்கிற தன் ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் தேவசகாயத்துக்குப் போன் போட்டாள்.

“சார், கழிச்ச நாய்ஸ் எல்லாம் பஞ்சா கீழ விழுதுங்க சார்.”

“ஓகோ” என்றார் அவர். “எடை போட்டியா?”

“இல்லீங்க சார்.”

“முதல்ல எடை போடு. படம் எடு. மூணு தடவை திரும்பத் திரும்பச் செஞ்சு பாரு. மூணு தடவையும் விழுந்தா அதுக்குப் பேர் முடிவு. ஒரு தடவை விழுந்தா அதுக்குப் பேர் குப்பை.”

மூன்று தடவையும் விழுந்தது.

அந்த நேரத்தில்தான் பட்டறை முதலாளி அர்த்தனாரி, நாற்பத்தாறு வயதுக்காரர், பில் புத்தகத்தை விட்டு எழுந்து வெளியே வந்தவர், எங்கிருந்தோ ஒரு குரல் “சோறு ஆறுதுங்க” என்று சொல்வதைக் கேட்டார். மெல்லிய குரல், மோர் ஊற்றுகிற மாதிரி. சுற்றிலும் பார்த்தார்.

“யாருங்க அது?”

“நான்தானுங்க” என்றாள் அவர் மனைவி கனகமணி, பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சமையலறையிலிருந்து. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அவள் அதட்டிப் பேசத் தெரியாதவள்; அவளுடைய குரல் எட்டுத் தறிகளைத் தாண்டி வந்ததே இல்லை; அவள் உதட்டைப் பார்த்துச் சாப்பாடு, துணி, விருந்தாளி என்று மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் போதும் என்று அவர் இருந்துவிட்டார். அன்று அவர் அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, “இன்னொருக்கா சொல்லு” என்றார். அவள் சொன்னாள். “வேற ஏதாவது சொல்லு” என்றார். அவள் அதையும் சொன்னாள். சோறு நிஜமாகவே ஆறிப்போயிற்று.

புதன்கிழமைக்குள் செய்தி நான்கு தெருவுக்குப் பரவி, வெள்ளிக்கிழமைக்குள் பட்டறைக்காரர்கள் எல்லாரும் துளசிமணி வீட்டு வாசலில் நின்றார்கள். “எங்க பட்டறைக்கும் ஒரு மைக்கு போட்டுக் குடுங்க அம்மிணி” என்று கேட்டார்கள். “கம்ப்யூட்டர் பத்தாதுங்க” என்றாள் அவள். பத்தாது என்று சொன்னதுதான் தாமதம், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வந்தது, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் வந்தது, நூல் வியாபாரியின் கம்ப்யூட்டர் வந்தது, கல்யாண வீடியோ கடைக்காரர் பாதி முடிந்த தாலி கட்டுகிற காட்சியோடு தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். துணி உலர்த்தும் கொடிகளின்மேல் கேபிள் ஏறியது, மாடிக்கு மாடி தாவியது, சந்து தாண்டியது, வாய்க்கால் தாண்டியது. துளசிமணி தூங்காமல் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே ஓடினாள். ஒரு பட்டறை சேர, ஒரு தெரு சேர, இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே மூச்சில் வேலை செய்ய, ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்காவது தறியும் வாயை மூடிக்கொண்டது.

அப்புறம் அந்த ஊர் கேட்க ஆரம்பித்தது. காவிரிக்குச் சத்தம் உண்டு என்று கேட்டது. வேப்பமரத்தில் குயில் உண்டு என்று கேட்டது. கோவில் பூசாரி அர்ச்சனையில் பாதியை விழுங்கிவிட்டு வெறுமனே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தது தெரிந்துபோய், அவர் வெட்கப்பட்டு மறுநாளிலிருந்து முழுசாகச் சொன்னார். டீக்கடையில் ரகசியம் பேசின இரண்டு பேரின் ரகசியத்தைக் கடைசி பெஞ்சில் இருந்தவர் திருத்தினார். ஊரே கத்திப் பேசிப் பழகிய ஊர், ஆகவே முதல் நாலு நாள் ஒருவரை ஒருவர் திட்டுவதாக நினைத்துச் சண்டை வந்தது. பிறகு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள், மெதுவாகப் பேசுவதில் ஒரு ருசி கண்டார்கள், ‘கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க’ என்பதைக்கூடக் காதலியிடம் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

பஞ்சை என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு தறிக்கு ஒரு மூட்டை என்று சாக்கில் கட்டி, தறி எண்ணை மையால் எழுதி, அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். சத்தம் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் ஒரு பிடி எடுத்துத் தலையணையில் வைத்துத் தைத்தார்கள். சோளக்காட்டுக்காரர்கள் கிளி விரட்ட ஒரு பிடி வாங்கிப் போனார்கள். மேளக்காரர் வரத் தாமதமான ஒரு காதுகுத்தில் மாமன்காரர் பஞ்சைப் பிசைந்துகொண்டே நின்று சமாளித்தார். பேராசிரியர் தேவசகாயம் ஒருநாள் வந்து, மூட்டைகளைத் தட்டிப் பார்த்து, “ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயம் போடு” என்று சொல்லிவிட்டு, காவிரி மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தச் சந்தோஷத்தில் பாவாயியை யாரும் கவனிக்கவில்லை.

பாவாயிக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடமாகத் தறி ஓட்டுகிறாள், பதினொரு வருடமாக அர்த்தனாரியிடம், சமையலறைச் சுவரை ஒட்டி இருக்கிற ஏழாம் நம்பர் தறியில். தடித்த, தாழ்ந்த, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் அவளுக்கு. பட்டறையில் நுழைந்ததிலிருந்து வெளியே போகிறவரை தறியோடு பேசிக்கொண்டே இருப்பாள்; நாடாவைத் திட்டுவாள், அறுந்த இழையைக் கொஞ்சுவாள், ஓடிப்போன புருஷனைப் பற்றி, உயராத கூலியைப் பற்றி, பார்க்காத கடலைப் பற்றிச் சொல்லுவாள். யாருக்கும் கேட்காது என்பதால் அவளுக்கு எதையும் சொல்ல முடிந்தது. முதல் செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொண்டை லேசாகக் கட்டியது. சளி என்று மிளகுப்பால் குடித்தாள். ஒவ்வொரு பட்டறையாகச் சேரச் சேர, ஊர் அடங்க அடங்க, அவள் குரலும் தேய்ந்துகொண்டே போய், அந்த இரண்டாவது திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுத்தமாக நின்றுவிட்டது.

சளி இறங்கினால் சரியாகும் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் அவள் நூல் அறைக்கு வந்து துளசிமணியின் எதிரில் நின்று வாயைத் திறந்தாள். ஒரு காற்றுகூட வரவில்லை. துளசிமணி உதட்டைப் படித்தாள்.

“என்ற பேச்சக் காணோம் அம்மிணி.”

“எப்பலருந்துக்கா?”

“சத்தம் பஞ்சா விழுந்த நாள்லருந்து.”

துளசிமணி நாற்பது நாள் பதிவையும் திறந்து, நிரல் அதிலிருந்து கற்றுக்கொண்ட இரைச்சல்களின் பட்டியலைப் பார்த்தாள். முன்பும் பார்த்திருக்கிறாள், ஏதோ சின்னப் பிழை என்று தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது விரலை வைத்து எண்ணினாள். எட்டுத் தறி ஓடுகிற பட்டறையில் நிரல் ஒன்பது தறிகளை எண்ணி வைத்திருந்தது. நாற்பது நாளில் ஒரு நிமிடம்கூட ஓயாத, தறியின் தாளத்திலேயே ஏறி இறங்குகிற அந்த ஒன்பதாவது சத்தத்தை அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். “ஏண்டி நாடா, காலையில தின்னது பத்தலியா, இழைய வேற திங்கறே?” என்று அது கேட்டது.

பாவாயி தன் குரலைக் கேட்டுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாயியை இரைச்சல் என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது.

அவள் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாள். போன சத்தமும் திரும்பவில்லை, போன குரலும் திரும்பவில்லை. நிரலின் கணக்குப்படி பாவாயியின் குரல் தறிக்கு ஒரு வில்லையாகச் சமமாகப் பங்கு போடப்பட்டு, ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு மூட்டைக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. அவளும் பாவாயியும் ஒரு மூட்டையை அவிழ்த்து, பிடி பிடியாகக் காதில் வைத்துப் பார்த்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கோதினார்கள். அவிழ்த்த மூட்டையின் சத்தம் புகைபோல எழுந்து தன் தறிக்கே போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் கருப்பட்டி நிறத்தில், விரல் நீளத்தில், வெதுவெதுப்பாக ஓர் இழை கிடைத்தது. காதில் வைத்தால் ‘ழ’ என்றது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். இழையைச் சம்படத்தில் போட்டு மூடினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருக்கையில் திறந்து பார்த்தபோது சம்படம் காலியாகத் தெரிந்தது. மூட்டையை விட்டு வெளியே வந்த இழை அன்று பொழுது இறங்கும்வரைதான் உயிரோடு இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. துளசிமணி மூடியின் விளிம்பையும் அடியையும் விரலால் தடவித் தடவி, காலி மூட்டையை உதறி, சம்படத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு நூலளவு மிச்சத்தைக் கண்டுபிடித்தாள். அதைத் திரும்ப மூட்டைக்குள் விட்டு, தங்கள் மேலில் ஒட்டியிருந்த பஞ்சைப் போட்டுக் கட்டியதும், உள்ளே ‘ழ’ என்று ஒருமுறை முனகிவிட்டு அது பிழைத்துக்கொண்டது.

ஒரு மூட்டைக்கு ஒரு நாள். இரண்டு பேர் செய்தால் வருடக்கணக்கு. ஆனால் ஒரே நாளில் முடிய வேண்டும். துளசிமணி அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது அவளுக்கு ஆறு வருடமாகத் தெரிந்த கணக்குத்தான்: ஆளுக்கொன்றாக எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பங்கு போடுவது.

வியாழக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. துளசிமணி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். “தப்பு என்னுதுங்க. ஞாயித்துக்கிழமை தறி ஓடாது. அன்னிக்கு வீட்டுக்கு ஒரு மூட்டைய அவிழ்த்தீங்கன்னா, ஒரே நாள்ல பாவாயக்கா குரலை எடுத்துறலாம். ஆனா திங்கக்கிழமை தறிக்குச் சத்தம் வந்துரும்.”

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “ஒருத்தர் பேச்சுக்காக ஊரே மறுபடியும் செவிடாகோணுங்களா அம்மிணி?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. “எம்மவன் என்னை அப்பான்னு கூப்பிட்டதை நான் இப்பத்தானுங்க கேட்டேன்” என்றார். பலர் தலையாட்டினார்கள்.

பாவாயி மேடையேறினாள். வாயைத் திறந்து பேசினாள். சத்தமில்லாமல், நிதானமாக, எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி மெல்லத் திரும்பித் திரும்பிப் பேசினாள். அது உதடு படித்து வளர்ந்த ஊர். கடைசி வரிசை வரைக்கும் படித்தது.

“இருபத்தாறு வருசமா நான் பேசிட்டேதான் இருந்தனுங்க. உங்க யாருக்கும் கேக்கல. இப்ப உங்களுக்கெல்லாம் கேக்குது. என்னால பேச முடியல.”

எழுந்து நின்றவர் மெதுவாக உட்கார்ந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல், “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குங்க?” என்று கேட்டது.

காலை ஆறு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தறிப்பாளையம் வீட்டு வாசல்களில் பாயை விரித்து, மூட்டையைக் கொட்டி, அப்பன் ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், விருந்துக்கு வந்தவர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்து கோதியது, வடக்குத் தெரு கோதியது, ஆத்தங்கரைத் தெரு கோதியது, பாலத்துக்கு அந்தப் பக்கம் கோதியது, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யார் வேலைக்கும் யாரும் குறுக்கே வரவில்லை, எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் அசைந்தன, எட்டரை மணிக்கு முதல் கூச்சல் எழுந்தது, “கெடச்சிருச்சு! எங்களுது ‘கா’!”, அடுத்த தெருவில் “எங்களுது வெறும் மூச்சு!”, அப்புறம் கூச்சல் ஓயவே இல்லை. கிடைத்தவர்கள் இழையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடி, துளசிமணி சுண்ணாம்பால் கோடு போட்டு எழுதியிருந்த தறி எண்ணில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு இழையின் பாதியும் அடுத்த இழையின் பாதியும் ஒரே ஒலி. அந்தப் பாதியின்மேல் இந்தப் பாதியை வைத்து முறுக்க வேண்டும். அறுந்த இழையைப் பிணைப்பது அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. நானூற்றுப் பதினேழும் நானூற்றுப் பதினெட்டும் வாய்க்கால் தகராறில் ஒன்பது வருடமாகப் பேசாத சம்பந்திகள். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே விரலை மட்டும் நீட்டி முறுக்கினார்கள், முறுக்குச் சரியாக விழவில்லை, “கொஞ்சம் ஈரம் பண்ணிக்குங்க” என்றார் ஒருவர், “பண்ணிட்டனுங்க” என்றார் மற்றவர், விழுந்தது.

மாலை நாலரை மணிக்கு ஆயிரத்து இருநூற்று அறுபத்து மூன்று இழைகள் வந்துவிட்டன. ஆறு இழை இந்தப் பக்கம், ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தேழு அந்தப் பக்கம். நடுவில் ஏழாம் நம்பர் கோட்டில் யாரும் இல்லை. அர்த்தனாரியின் எட்டு மூட்டைகளில் மற்ற ஏழும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரிக்கப் போயிருந்தன, இது அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்ட மூட்டை.

துளசிமணியும் பாவாயியும் ஓடினார்கள். அர்த்தனாரி சமையலறையில் கட்டு அவிழாத மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, பொழுது எறங்குதுங்கண்ணா” என்றாள் துளசிமணி.

“எனக்குத் தெரியும் அம்மிணி.” அவர் பாவாயியைப் பார்க்கவில்லை. “மத்தவங்க எல்லாம் அவுத்துட்டாங்க. எனக்கும் பாவாயி மேல இரக்கம் இல்லாம இல்ல. ஆனா இந்தத் தறி இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குது. இது ஒண்ணு பேசாம இருந்தாப் போதும், எனக்கு இவ பேசறது கேக்கும். பதினாலு வருசம் அம்மிணி. இவ பாட்டு எழுதுவான்னு எனக்குத் தெரியாது. எங்கம்மா செத்தப்ப இவ எங்கிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. போன வாரம்தான் சொன்னா. நான் அன்னிக்குக் கேட்டிருந்தா…”

பாவாயி சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது.

கனகமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஏனுங்க, அந்தத் தறிக்குச் சுவிட்சு இருக்குதுங்களே” என்றாள்.

அர்த்தனாரி நிமிர்ந்தார்.

“என்ற பேச்சக் கேக்கோணும்னா, தறிய ஒரு மணி நேரம் நிறுத்திப்போட்டு இப்படி வந்து ஒக்காந்தாப் போதாதுங்களா? அதுக்கு எதுக்குங்க அடுத்தவங்க குரல் மேல ஒக்காரோணும்?”

அவர் அவளையே பார்த்தார். அந்த ஊரில் ஐம்பது வருடமாகத் தறி ஓடுகிறது. மின்சாரம் போனால் நிற்கும், நூல் வராவிட்டால் நிற்கும். ஒருவர் பேசுவதைக் கேட்பதற்காக நிறுத்தலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

“நிறுத்துவீங்களா?” என்றாள் கனகமணி.

“நிறுத்தறேன்.”

“தினமும்?”

“தினமும் நிறுத்தறேன் கனகு.”

“அப்ப எந்திரிங்க.”

நாலு பேரும் பஞ்சில் விழுந்தார்கள். முழங்கை வரை விட்டுத் துழாவினார்கள், தலைமயிரில் தறி ஓடியது, மூக்கில் தறி ஓடியது, ஐந்தரை ஆயிற்று, ஐந்தே முக்கால் ஆயிற்று, ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அர்த்தனாரியின் விரலில்தான் அது சிக்கியது. காதில் வைத்தார். ‘ங்க’ என்றது. இழையைக் கையில் பொத்திக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், நாற்பத்தாறு வயது உடம்போடு அவர் தெருவில் ஓடினார்; அவருக்குப் பின்னால் மூன்று பெண்கள் ஓடினார்கள்; “வழி விடுங்க, வழி விடுங்க” என்று ஊரே பிளந்து வழி விட்டது. ஏழாம் நம்பர் கோட்டில் மண்டி போட்டு, ஆறோடு ஏழையும், ஏழோடு எட்டையும் அவர் முறுக்கினார். முறுக்கு நழுவியது. பாவாயி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள, முடிச்சு விழுந்தது.

மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நூல். கனகமணி அதைச் சுற்றி எடுத்துப் பாவாயியின் கழுத்தில் சுற்றினாள், ஒரு சுற்று, பத்து சுற்று, நூறு சுற்று. கடைசி நுனி சுற்றி முடிந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரியன் ஒரு விரல்கடை மிச்சம் இருந்தது. நூல் தண்ணீர் மணலில் இறங்குகிற மாதிரி தோலுக்குள் இறங்கியது. பாவாயி செருமினாள். செருமியது கடைசி வரிசைக்குக் கேட்டது.

“ஏனுங்க, காலையிலருந்து இந்த வெயில்ல கெடக்கறீங்களே” என்றாள் அந்தத் தடித்த தாழ்ந்த குரலில், “யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?”

“அந்த ‘ண்’ எங்களுதுங்க!” என்று நாற்பதாம் கோட்டிலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்தாள். “அந்தச் செருமல் எங்க வீட்டுது!” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “‘வெயில்’ல பாதி என்னுது, பாதி சம்பந்தியோடது!” மைதானம் முழுக்க எழுந்து ஆடியது, பாவாயி வேண்டுமென்றே ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துப் பேசினாள், பேசப் பேச ஒவ்வொருவராக எழுந்து கத்தினார்கள், அர்த்தனாரி மட்டும் ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் எழுந்து எழுந்து களைத்துப்போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு தறிகளும் தங்கள் சத்தத்தோடு ஓடின. மாலை நான்கு மணிக்கு அர்த்தனாரி ஏழாம் நம்பரில் தொடங்கி எட்டுத் தறிகளையும் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனார். அடுத்த நாள் பக்கத்துப் பட்டறை நின்றது. அந்த மாதம் முடிவதற்குள் நாலிலிருந்து ஐந்துவரை ஊரே நிற்க ஆரம்பித்தது. அதற்குக் கனகமணி மணி என்று பேர் வந்தது. வெளியூர் நூல் லாரிக்காரர்கள்கூட, “கனகமணிக்கு முன்னால வந்து எறக்கிட்டுப் போயிடறேன்” என்று சொல்லப் பழகினார்கள்.

துளசிமணி நிரலை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினாள். தேவசகாயம், “இன்னும் எத்தனை மாசம்மா?” என்று கேட்டதற்கு, “தெரியாதுங்க சார்” என்றாள். இந்தத் தடவை இரைச்சலைப் பதிவதற்கு முன்னால் ஊரில் இருக்கிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, அவர்கள் விரும்புகிற நேரம்வரை பேசவிட்டு, இவை எதையும் கழிக்கக் கூடாது என்று நிரலுக்குக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தாள். முதல் ஆளாகப் பாவாயி வந்து மைக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புருஷனைப் பற்றிச் சொன்னாள், கூலியைப் பற்றிச் சொன்னாள், அர்த்தனாரியின் எதிரிலேயே சொன்னாள். பார்க்காத கடலைப் பற்றி முழுதாக ஒரு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் குடித்துவிட்டு, “போதுமா அம்மிணி?” என்று கேட்டாள்.

துளசிமணி மைக்கைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“இன்னும் சொல்லுங்கக்கா.”